வாடிக்கையாளர் இன்னும் விழுந்துகொண்டிருக்கிறார்

கார்ட்டூனில் அவனை யாரும் காட்டியதே இல்லை.
பாலைவனத்தில் பாறைக்குப் பக்கத்தில்
ஒரு மரப்பெட்டி இருக்கும், அவ்வளவுதான்.
திறந்தால் ராக்கெட், ஸ்பிரிங் வைத்த செருப்பு,
வீட்டளவு காந்தம்.
யார் கொண்டுவந்து வைத்தது?
எந்த வண்டி, எத்தனை மணி வெயில்,
"லொகேஷன் அனுப்பு சதீக்" என்று
எத்தனை தடவை போன் அடித்தான்?

நான்தான் அவன்.
நிஸ்வாவிலிருந்து மலையேறும் கூரியர் வேன்,
ஏழு வருஷம், இரண்டு கிளட்ச்.
மேலே விலாசம் என்று ஒன்றும் கிடையாது.
பள்ளிவாசல் தாண்டி, நீலக் கேட்,
ஆடு படுத்திருந்தால் இடது பக்கம்.
ஆடு எழுந்து போன நாட்களில்
பெட்டியோடு திரும்பியிருக்கிறேன்.

கேம்ப் டிவிக்குக் குரல் போய் மூன்று ரமலான் ஆயிற்று.
சினிமா போட்டால் சண்டை, செய்தி போட்டால் பெரிய சண்டை.
கார்ட்டூன் போட்டால்
திரூர் குஞ்ஞாலியும் பொகாரா தில் பகதூரும் நானும்
ஒரே நொடியில் சிரிப்போம்.
பட்டறைக்கல் மண்டையில் இறங்குவதற்கு
மொழிபெயர்ப்பு எதற்கு?
தலையைச் சுற்றும் நட்சத்திரங்களைக்
குஞ்ஞாலி எண்ணுவான்.
எப்போதும் ஐந்து.
ரோடு ரோலர் ஏறி அப்பளமாய்ப் போனவன்
கட்டைவிரலை வாயில் வைத்து ஊதி
மறுபடி ஆளாகி எழுவான்.
அதற்கு மட்டும் ஷொஃபிக்குல் சிரிக்க மாட்டான்.
முன்பு தார் போடும் கம்பெனியில் இருந்தவன்.

துரத்தும்போது பின்னால் ஓடுகிற படத்தைப் பாருங்கள்:
கள்ளி, பாறை, கள்ளி, பாறை.
காசு மிச்சம் பிடிக்க
ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி ஓட்டுகிறார்கள்.
என் சாலையையும் அவர்களே வரைந்திருக்க வேண்டும்.
வேலமரம், பெட்ரோல் பங்க், வேகக் கேமரா,
வேலமரம், பெட்ரோல் பங்க்,
வேகக் கேமரா.

விளிம்பைத் தாண்டி ஓடியவன்
கீழே பார்க்கும்வரை விழுவதில்லை.
எங்கள் அறையில் இது எல்லாருக்கும் தெரிந்த சட்டம்.
ஏஜென்ட் வட்டி, தங்கை நகை, பாதிச் சுவர் எழும்பிய வீடு,
எல்லாம் காற்றில்; கால்கள் சுழல்கின்றன.
ஒரு வியாழக்கிழமை தில் பகதூர்
நோட்டை விரித்துக் கூட்ட ஆரம்பித்தான்.
"கூட்டாதேடா!" என்று
மூன்று மொழியில் கத்தினோம்.
கூட்டிவிட்டான்.

மலைமேல் நீலக் கேட்டுக்காரர் ஹுமைத்.
அவருடைய கோழிகளை ஒரு நரி தூக்குகிறது.
முதலில் கூண்டு வரவழைத்தார்.
பிறகு வலை, அசைந்தால் எரியும் விளக்கு,
ஓநாய்போல் ஊளையிடும் பெட்டி.
எல்லாம் சீனாவிலிருந்து, எல்லாம் என் வேனில்.
ஒவ்வொரு தடவையும் சொல்வார்,
"இது கட்டாயம் வேலை செய்யும்."
அடுத்த தடவை விரலில் கட்டு,
அதற்கடுத்த தடவை ஒரு பக்கத்துப் புருவம் இல்லை.
இடது கையால் கையெழுத்துப் போட்டார்.
இறங்கி வரும்போது வளைவில் அந்த நரியைப் பார்த்தேன்.
வழி விட அதற்கு அவசரமே இல்லை.
என் வேனைத் தெரியும் போலிருந்தது.

நேற்று கேட் திறந்து கிடந்தது.
விளிம்பில் அவருடைய தொப்பி மட்டும்.
எட்டிப் பார்த்தால்
இரண்டு படிக்கட்டு வயல் கீழே, மாதுளை மரத்தில்,
தன் வலைக்குள் தானே தொங்கிக்கொண்டு
கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறார்:
"பார்த்தாயா, வேலை செய்கிறது!"
பக்கத்து வீட்டுப் பையன்கள் ஏணியோடு ஓடினார்கள்.
கோழிக்கூண்டின் மேல்
ஒரு வால், உட்கார்ந்து பார்த்தது.

போன் கேட்டது, காரணம் தேர்வு செய்க:
ஆள் இல்லை. விலாசம் தவறு. வாங்க மறுத்தார்.
நான்காவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும்.

பெட்டியைப் பாறைக்குப் பக்கத்தில் வைத்தேன்.
யாரும் காட்டப்போவதில்லை என்று தெரியும்.
இருந்தாலும் வேன் கண்ணாடியில்
ஒரு முறை
தலையைச் சீவிக்கொண்டேன்.